சம்பந்தியம்மாவும் என் ரத்தக்கொதிப்பும்

எண்பத்திரண்டோ எண்பத்து மூன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. சித்திரை மாதம் என்பது மட்டும் நிச்சயம். மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த நாட்கள். திருவண்ணாமலையில் தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. என் கணவர் காலமான பிறகு நான் ஊறுகாய், வடகம், மோர் மிளகாய் எல்லாம் போட்டு விற்று வந்தேன். கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்களும், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறவர்களும் வீடு தேடி வந்து வாங்கிப் போவார்கள். மகனுக்கு வெளியூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவான். வீட்டில் நானும் மருமகளும் கைக்குழந்தையாக இருந்த பேத்தியும்.

அன்று காலை மொட்டை மாடியில், உப்புப் பிசறிய மாங்காய்த் துண்டுகளைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தேன். குனிந்து நிமிர்ந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. வெயில் சூடு என்று நினைத்தேன். முந்தானையை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு, மிச்சத் துண்டுகள் வீணாகிவிடுமே என்று அவற்றையும் பரப்பி முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். படிக்கட்டு ஊஞ்சல் மாதிரி ஆடியது. மருமகள் என் முந்தானையைப் பார்த்துவிட்டாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை பேசவிடாமல் கடைத்தெருவில் இருந்த டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நம்பாதவர் போல இன்னொரு முறையும் அடித்தார். மேல் அளவு இருநூறைத் தாண்டியிருந்தது. ரத்தக்கொதிப்பு என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோபக்காரர்களுக்கு வருகிற வியாதி அது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

“எனக்குக் கோபமே வராதே டாக்டர்” என்றேன்.

பக்கத்தில் நின்ற மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

கோபத்துக்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் இல்லை, வயசாக ஆக ரத்தக் குழாய் விறைத்துப் போகிறது, உடம்பில் உப்பு சேரச் சேர அழுத்தம் கூடுகிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாத்திரை எழுதினார். தினமும் நடக்க வேண்டும், எடை குறைய வேண்டும், ஊறுகாய், அப்பளம், கருவாடு எதையும் தொடக்கூடாது என்றார். பிறகு, “நீங்க என்ன வேலை செய்றீங்கம்மா?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மருமகள்தான் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மற்றபடி எதுவும் மாறவில்லை. ஊறுகாய் போடுகிறவள் ருசி பார்க்காமல் எப்படி இருப்பது? விரலால் தொட்டு நாக்கில் வைப்பதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை ஜாடி, எத்தனை விரல்! அதோடு காலையில் பழைய சோற்றுக்கு மோர் மிளகாய் வேறு. மருமகள் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

இந்த இடத்தில் எங்கள் சம்பந்தியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வேங்கிக்காலில் ஏரிப் பக்கம் மகன் வீட்டில் இருந்தார். எனக்கும் அவருக்கும் கல்யாணத்தன்றே ஆகாமல் போய்விட்டது. பந்தியில் எங்கள் பக்கத்து ஆட்கள் உட்கார்ந்தபோது வடை தீர்ந்துபோயிருந்தது. அதைப் பற்றி நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, இரண்டு பக்கத்து ஜனங்களும் ஆளுக்கொன்று சேர்த்துச் சொல்ல, பேச்சு வளர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு விசேஷங்களில் பார்த்தால் “வாங்க”, “சாப்டீங்களா” என்பதோடு சரி. பேத்தி பிறந்தபோதுகூட நாங்கள் இருவரும் குழந்தையிடம்தான் பேசினோமே தவிர ஒருவரோடொருவர் பேசவில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

“சுத்தி வளைக்காம சொல்லிடறேன் சம்பந்தியம்மா. நான் உங்களுக்காக வரல. எம்பொண்ணுக்காக வந்துகீறேன்.”

மூச்சு விடாமல் தொடர்ந்தார்.

“அவங்க அப்பாருக்கும் இதே கொதிப்புதான். ஒரு பக்கம் இழுத்துக்கினு வருசக்கணக்கா படுத்த படுக்கையா கெடந்துதான் போனாரு. நான் கழனி வேலைக்குப் போவணும், இல்லனா சோறு இல்ல. பொண்ணு எட்டாவது படிக்கச்சொல்ல பள்ளிக்கூடத்த உட்டு நிறுத்திட்டேன். அவர பொரட்டிப் படுக்க வெச்சது, பீ மூத்திரம் அள்ளுனது எல்லாம் அதுதான். இன்னொரு தபா அந்த வேலைய எம்பொண்ணு செய்யக்கூடாது. அதுக்காவ நீங்க நல்லா இருந்தாவணும். அவ்ளோதான்.”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் இன்னும் விழவே இல்லை, அதற்குள் என்னைப் படுக்கையில் போட்டுவிட்டாரே என்று ஆத்திரம் வந்தது. “உங்க பொண்ணுக்கு நான் பாரமா இருக்க மாட்டேன், கவலைப்படாதீங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து, “நாளைக்கு மொத பஸ்ல வரேன். ரெடியா இருங்க, நடக்கப் போவோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க மருமகளிடமும் நான் பேசவில்லை. என் வீட்டு விஷயத்தைத் தன் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனாள் என்று கோபம். மத்தியானம் அவள் குழந்தையைக் குளிப்பாட்டி, ஒரு கையால் தாங்கி இன்னொரு கையால் அலுங்காமல் புரட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணுக்கு இது எப்படி இவ்வளவு லாகவமாக வருகிறது என்று முன்பெல்லாம் நானே வியந்திருக்கிறேன். அன்றுதான் அது எங்கே பழகிய கை என்று தெரிந்தது. பாதியில் படிப்பை விட்டவள் என்று பெண் பார்க்கும்போதே சொன்னார்கள். ஏன் விட்டாள் என்று நான் கேட்டதே இல்லை.

மறுநாள் விடியும்போதே சம்பந்தியம்மா வாசலில் வந்து நின்றார். நான் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

மலை சுற்றுகிறவர்கள் போகிற செங்கம் ரோட்டில்தான் நடந்தோம். அக்கினி லிங்கத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் நிற்கவில்லை. பத்தடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தார். கழனியில் உழைத்த உடம்பு அவருடையது. நான் ஜாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தே ஊதிப்போனவள். மெதுவாகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். ஆசிரமம் வரை, பிறகு அதையும் தாண்டி எம லிங்கம் வரை. முதல் தடவை அங்கே போய்ச் சேர்ந்தபோது, “இங்க வந்து தலையக் காட்டிட்டுத் திரும்பிப் போய்டணும் சம்பந்தியம்மா, அப்பதான் அவரு நம்மளத் தேடிக்கினு வரமாட்டாரு” என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரிக்கக்கூடாது என்று இருந்தும் சிரித்துவிட்டேன்.

நடப்பதைவிடக் கஷ்டம் சாப்பாடுதான். உப்புக் குறைந்த குழம்பு வாயில் வைத்தால் சேற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. மருமகள் ஏதேதோ செய்து பார்த்தாள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் சுட்டு நசுக்கிப் போட்டாள். எலுமிச்சம்பழம் பிழிந்தாள், மிளகு தூக்கலாகத் தட்டிப் போட்டாள். தயிரில் உப்பே இல்லாமல் வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டுக் கொடுத்தாள். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டேன். ஒருநாள் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் தட்டை எடுத்துப்போய் மூடி வைத்தாள். ராத்திரி பசித்தபோது அதையேதான் சாப்பிட்டேன்.

ஊறுகாய் ருசி பார்க்கிற வேலையை சம்பந்தியம்மா எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்றால், நான் ஜாடியைத் திறக்கும் நேரம் பார்த்து வந்து நிற்பார்.

“உப்பு ஜாஸ்தி” என்பார்.

“அது ஊற ஊறச் சரியாயிடும்.”

“ஊறுனாலும் ஜாஸ்திதான்.”

பொறாமையில் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் நடையும் அரை உப்புச் சாப்பாடுமாக ஆடி மாதம் வந்தபோது, பழைய ஜாடியிலிருந்து ஒரு மாங்காய்த் துண்டை யாருக்கும் தெரியாமல் எடுத்து வாயில் போட்டேன். நாக்கு சுருண்டுகொண்டது. உடனே துப்பிவிட்டேன். இதையா இத்தனை வருஷம் மணக்க மணக்கத் தின்றோம் என்று இருந்தது. டாக்டரிடம் இதைச் சொன்னபோது, நாக்குக்கு எந்த அளவு பழகுகிறதோ அதையே அது சரி என்று நினைத்துக்கொள்ளும், உங்கள் நாக்கு இப்போதுதான் தெளிந்திருக்கிறது என்றார். அதை நம்பி அடுத்த ஜாடிக்கு உப்பைக் குறைத்துப் போட்டேன். பூசணம் பிடித்து முழு ஜாடியும் சாக்கடைக்குப் போனது. ஊறுகாய்க்கு வேண்டிய உப்பு வேண்டும். மனுஷிக்குத்தான் அது வேண்டாம்.

ரத்தக்கொதிப்பு குறைந்துகொண்டே வந்தது. எடையும் நன்றாக இறங்கியிருந்தது. வருஷக்கணக்காக இருந்த பின்மண்டை வலி போன இடம் தெரியவில்லை. புரட்டாசியில் டாக்டர், “ரொம்ப நல்லா இருக்கும்மா, இப்படியே இருங்க” என்றார். அவர் சொன்னதை நான் என் வசதிக்கு எடுத்துக்கொண்டேன். நல்லாகிவிட்டது என்றால் பிறகு மாத்திரை எதற்கு? நடக்கிறேன், உப்பைத் தொடுவதில்லை, அதற்குமேல் என்ன வேண்டும்? மாத்திரையை நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நிறுத்திய பிறகும் உடம்பு நன்றாகவே இருந்தது. அதனால் நான் செய்தது சரிதான் என்று பட்டது.

ஐப்பசியில் ஒருநாள் காலை. முதல் நாள் மழை பெய்து விட்டிருந்தது. மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. நாங்கள் எம லிங்கம் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். என் வலது கையில் மடக்கிய குடை இருந்தது. அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன், மறுபடி விழுந்தது. விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. வலி ஒன்றும் இல்லை. வேறு யாருடைய கையோ என் தோளில் தொங்குவது போல இருந்தது.

“இன்னா சம்பந்தியம்மா, கொடைய விட்டுட்டீங்க?” என்றார்.

“கை மரத்துப் போச்சு” என்று சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வந்தது வேறு என்னவோ. எனக்கே புரியாத சத்தம்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க முடியாது. பயந்தாரா என்றால், இல்லை. தெரிந்த ஒருவரை எதிரில் பார்த்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. என்னை இழுத்து ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார வைத்தார். செங்கம் பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. நடு ரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “இன்னாம்மா, சாவறதுக்கு எங்க வண்டிதான் கெடச்சுதா?” என்று கத்தினார்.

“தம்பி, அந்தம்மாவுக்கு வாய் கோணிக்கினு போவுது. எங்கயும் நிறுத்தாம பெரியாஸ்பத்திரிக்கு உடு. உனுக்குப் புண்ணியமாப் போவும்.”

டிரைவர் என்னைப் பார்த்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்டக்டரும் இன்னொருவரும் இறங்கி வந்து என்னைத் தூக்கினார்கள். முன் ஸீட்டில் கோழிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். வழியில் இறங்க வேண்டியவர்கள் இருந்திருப்பார்கள். ஒருவரும் விசில் கொடுக்கச் சொல்லவில்லை. பஸ் நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. அந்த டிரைவர் யார், எந்த ஊர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அழுத்தம் பார்த்தார்கள். பழையபடி ஏறியிருந்தது. ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். மத்தியானத்துக்குள் விரல்கள் ஒவ்வொன்றாக அசைய ஆரம்பித்தன. சாயங்காலம் பேத்தியின் பெயரைச் சரியாகச் சொன்னேன். சேதி கேட்டுக் குழந்தையோடு ஓடி வந்திருந்த மருமகள் என் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தபா சொல்லுங்க அத்தை” என்று மறுபடி மறுபடி சொல்ல வைத்தாள். மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டுத் தானாகவே சரியாகியிருக்கிறது, இது எச்சரிக்கை, அடுத்தது இப்படி விட்டுவிட்டுப் போகாது என்றார் அங்கிருந்த டாக்டர். “மாத்திரை ஒழுங்காப் போட்டீங்களா?” என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

சம்பந்தியம்மா அப்போது கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வெளியே போய்விட்டார். மருமகள் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போன நேரத்தில் திரும்பி வந்து, கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். முகத்தை என் பக்கம் திருப்பாமலே பேசினார்.

“அவருக்கும் இப்டித்தான். காலையில காப்பித் தண்ணி டம்ளரக் கீழ போட்டாரு. பேச்சு கொழறுச்சு. ராத்திரி தூக்கம் பத்தலன்னு நெனச்சுக்கினு, கொஞ்ச நேரம் படுங்கன்னு பாயப் போட்டுக் குடுத்துட்டு நான் கழனிக்குப் போய்ட்டேன். பொழுது சாய வந்து பாக்கறேன், ஒரு பக்கமே இல்ல. அன்னிக்கு எனக்குத் தெரியல சம்பந்தியம்மா. தெரிஞ்சிருந்தா நான் போயிருப்பனா?”

அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. மகளுக்கு இது தெரியாது, சொல்லிவிடாதீர்கள் என்றார். காலையில் முழுசாகச் செத்திருந்த என் கை அப்போது அவர் தலையைத் தொடும் அளவுக்கு வந்திருந்தது. தொட்டேன். உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும், யாருக்கும்தான் தெரியாது என்று சொன்னேன். அது உண்மையும்கூட. அன்று காலை எனக்கே என்ன நடக்கிறது என்று தெரியவில்லையே.

அதற்குப் பிறகு மாத்திரையை நான் ஒருநாளும் விட்டதில்லை. நடை நடைதான், உப்பு உப்புதான், மாத்திரை மாத்திரைதான், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று இல்லை என்று கடைத்தெரு டாக்டர் என்னிடம் சொன்னார். சில வருஷம் கழித்து ஒரு மாத்திரையைக் குறைத்தார். அவர்தான் குறைத்தார், நானாக இல்லை. ஊறுகாய் வியாபாரம் இப்போதும் உண்டு, முன்பு மாதிரிப் பெரிய அளவில் இல்லை. ருசி பார்ப்பது மருமகள். அவள் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அவளுடைய அப்பாவின் அந்தக் காலை நேரத்தைப் பற்றியும் எழுதலாமா என்று, இதை எழுதுவதற்கு முன் சம்பந்தியம்மாவிடம் கேட்டேன். “இப்ப தெரிஞ்சா தெரியட்டும், அதுக்கும் வயசாயிடுச்சு” என்றார்.

நாங்கள் இருவரும் இன்னும் நடக்கிறோம். இரண்டு பேருக்கும் முழங்கால் பிடித்துக்கொண்டதால் ஆசிரமத்தோடு திரும்பிவிடுகிறோம். வழியில் இன்னும் சண்டை போடுகிறோம். கல்யாண வடை விஷயத்தில் தப்பு யாருடையது என்பது மட்டும் தீரவில்லை.

என் உடம்பு, என் இஷ்டம் என்று ஐம்பத்தைந்து வயதுவரை இருந்தவள் நான். நான் விழுந்தால் என்னைத் தாங்கப்போகும் கைகள் யாருடையவை என்று எனக்குக் காட்டியது, என்மேல் பிரியம் கொஞ்சமும் இல்லாமலே என்னைப் பிழைக்க வைக்க வந்த ஒரு பெண்மணிதான்.